உழைக்கும் அன்னையும் இல்லத்து மரபும்

மரபு என்னும் சொல்லைக் கேட்ட அளவில் பலர் நெஞ்சில் தோன்றுவன கோயிற்கோபுரமும், பழம்பாட்டும், கல்வெட்டும், தேர்த்திருவிழாவுமே ஆகும். அவை யாவும் பெருமரபுகள் என்பதில் ஐயம் இல்லை. அவற்றை அரசர் காத்தனர், புலவர் பாடினர், ஊரார் ஒன்றுகூடிப் போற்றினர். ஆயின், எவரும் பாடாத, எக்கல்லிலும் பொறிக்கப்படாத சிறு மரபுகள் வேறு உண்டு. அவை இல்லத்தின் அடுக்களையிலும் முற்றத்திலும் பிறந்து, அங்கேயே வளர்ந்து, தாயின் கையினின்று மக்களின் கைக்குச் செல்வன. பெரும்பாலான வீடுகளில் இல்லத்தலைவி ஒருத்தியே அவற்றுக்குக் காவல். இக்காலத்தில் அத்தலைவியருள் பலர் காலையில் அலுவலகத்துக்கோ, ஆலைக்கோ, பள்ளிக்கோ, மருத்துவமனைக்கோ சென்று மாலையில் மீள்கின்றனர். ஆதலின், அச்சிறு மரபுகள் இனி நிலைக்குமா? நிலைக்க வேண்டுமாயின் அவற்றைச் சுமப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காணும் கடமை வளரும் தலைமுறையினர்க்கு உண்டு.

இல்லத்து மரபுகளுள் சிலவற்றை முதற்கண் எண்ணிப் பார்த்தல் தகும். உலையில் இடுவதற்கு அளந்த அரிசியினின்று ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் இட்டு வைப்பது பிடியரிசி. ஒரு பிடி குறைவதால் எவர் வயிறும் வாடுவதில்லை. திங்கள் முடிவில் அப்பானையில் சேர்ந்திருக்கும் அரிசியோ, வாசலில் வந்து நிற்கும் ஓர் ஏழைக் குடும்பத்தின் பசியைத் தீர்க்கும். முழுநிலவு காயும் இரவில், சோற்றையும் குழம்பையும் ஒரே கலத்தில் பிசைந்து, சூழ அமர்ந்த பிள்ளைகளின் கையில் உருண்டை உருண்டையாக வைத்து உண்பிப்பது நிலாச்சோறு. வீட்டின் கதவு நிலையில் ஆண்டுதோறும் பிள்ளையின் உயரத்தைக் கோடிட்டுக் குறிப்பதும் ஒரு மரபே. நோன்புக் கஞ்சியை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்புவதும், கிறிஸ்துமஸ் நாளை ஒட்டி வீட்டார் எல்லாரும் அமர்ந்து அச்சுமுறுக்குச் சுடுவதும் இவ்வகையினவே.

கோடையில் வடகம் இடுவதையும் இவற்றோடு சேர்த்து எண்ணலாம். சிறு வெங்காயத்தை உரித்து நறுக்கி, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், பூண்டு, மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து வெயிலில் பரப்புவர். மாலையில் அள்ளி மீண்டும் பிசைந்து வைப்பர். மறுநாள் மீண்டும் பரப்புவர். நாள்தோறும் இவ்வாறு செய்ய, நீர் முற்றும் வற்றிவிடும். பின்னர் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிப் பானையில் சேமிப்பர். நீர் வற்றிய பொருளில் நுண்ணுயிர்கள் வளர இயலா. அதனால் வடகம் ஆண்டு முழுவதும் கெடாமல் இருந்து, குழம்பைத் தாளிக்க உதவும். எழுத்தறியாத மூதாட்டியரும் இவ்வுண்மையைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். ஒரு பிடி அரிசியில் ஈகையும், ஓர் உருண்டைச் சோற்றில் ஒற்றுமையும், ஒரு வடகத்தில் அறிவும் சிக்கனமும் அடங்கியிருக்கின்றன. இவற்றை எவரும் மேடை ஏறிப் போதித்ததில்லை; பிள்ளைகள் பார்த்தும் செய்துமே கற்றுக்கொண்டனர்.

‘பெண்டிர் வேலைக்குச் செல்லத் தொடங்கியதால் இம்மரபுகள் அழிந்தன’ என்று வருந்துவோர் உளர். அவர்தம் வருத்தம் மெய்யே. அவர் கூறும் காரணம் மெய்யன்று. தமிழ்நாட்டுத் தாய் என்று உழையாதிருந்தாள்? பெரும்பாணாற்றுப்படையில் ஆயர்குலத்துப் பெண் ஒருத்தி காட்சி அளிக்கின்றாள். அவள் பறவைகள் துயில் எழும் விடியற்பொழுதில் தயிர் கடைகின்றாள். மோர்ப்பானையைத் தலையில் சும்மாட்டின்மேல் வைத்துச் சென்று விற்கின்றாள். மோருக்கு ஈடாகப் பெற்ற உணவுப்பொருளைக் கொண்டு தன் சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். நெய்யை விற்கும்போதோ பொன்னைப் பெற்றுக்கொள்ளாமல், எருமையும் பசுவும் கன்றும் பெறுகின்றாள். ஈட்டுதலும் காத்தலும் வகுத்தலும் ஆகிய பொருளியல் முழுவதும் அவள் கையில் அமைந்திருந்தது. அகநானூறு உப்பு விற்கும் உமணர் மகளைக் காட்டுகின்றது. புறநானூறு இரவில் சிறு விளக்கொளியில் எழுந்து வேலை செய்யும் பருத்திப் பெண்டைக் குறிப்பிடுகின்றது. நாற்று நடுதலும், களை பறித்தலும், தறிக்கு நூல் இழைத்தலும், மீன் விற்றலும் வழிவழியாகப் பெண்டிர் செய்துவந்த தொழில்களே. அண்மைக் காலத்திலும், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி அம்மையார் இரு மக்களுக்குத் தாயாக இருந்துகொண்டே மருத்துவத்தொண்டும் சமுதாயத்தொண்டும் ஆற்றினார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றவும் காரணமாக இருந்தார். ஆகவே, தாய் உழைப்பது புதுமை அன்று.

பின் புதுமை யாது? வேலை செய்யும் இடம் வீட்டினின்று விலகிச் சென்றதே புதுமை. நடவு நட்ட தாய் வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டிப் பிள்ளையை உறங்கவைத்தாள். இழை இழைத்த தாயின் அருகிலேயே பிள்ளை விளையாடியது. வெயிலும் நிழலுமே அவளுக்குக் காலங்காட்டின. இன்றைய தாயையோ கடிகாரம் ஆள்கின்றது. பேருந்து தவறினால் ஊதியம் குறையும்; ஆலைச் சங்கு ஊதிய பின்னர்ச் சென்றால் வாயில் அடைபடும். இடையில் வந்து வடகத்தைப் புரட்டிப்போட அவளால் இயலாது. ஆதலின், குறைந்தது அவளுடைய பொழுதே அன்றி அன்பு அன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் அவளைக் குறைகூறுதல் நேர்மை ஆகாது.

பொழுது குறைந்த தாய் மரபை எவ்வாறு காக்கின்றாள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றினின்று நகரத்து மருத்துவமனைக்குச் செல்லும் செவிலி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. ஒரு வாரம் பகற்பணி. ஒரு வாரம் இரவுப்பணி. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள், ஆறாம் வகுப்பில் பயிலும் மகன், அரிசி ஆலையில் கணக்கெழுதும் கணவர், முதுமையால் தளர்ந்த மாமியார் ஆகியோர் அவள் குடும்பத்தினர். இரவுப்பணி வாரத்தில் அவள் வீடு திரும்புமுன்னரே பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றுவிடுவர். பிள்ளைகள் மாலையில் வந்து சிறிது பொழுது செல்வதற்குள் அவள் புறப்பட்டுவிடுவாள். அதனால் அவள் அடுக்களைச் சுவரில் ஒரு கற்பலகையை மாட்டினாள். ‘குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது. அப்பாயிக்கு மருந்து கொடு. தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடு’ என்று மகளுக்கு எழுதிவைப்பாள். பிள்ளைகளும் அதில் விடை எழுதுவர். ஒருநாள் மகன், ‘தோசை தீய்ந்துவிட்டது அம்மா. ஆனாலும் சாப்பிட்டுவிட்டோம்’ என்று எழுதியிருந்தான். இரவெல்லாம் நோயாளிகளிடையே நின்று களைத்து வந்த தாய், அதனைப் படித்துச் சிரித்தாள். அழிக்க மனமின்றி அன்று முழுவதும் அப்படியே விட்டுவைத்தாள்.

கார்த்திகைத் திருநாள் ஒருமுறை அவளுடைய இரவுப்பணி வாரத்தில் அமைந்தது. விளக்கு வரிசையை ஏற்றும் மாலையில் அவள் வீட்டில் இல்லை. அன்று மாமியார் வாசலில் இரண்டு அகல் மட்டும் ஏற்றிவைத்தார். மறுநாள் அவளுக்கு ஓய்வு. அன்று மாலை குடும்பத்தினர் யாவரும் கூடி, முற்றம் முழுவதும் விளக்கேற்றி, பொரியுருண்டை பிடித்து உண்டனர். தெருவில் ஒருவர், ‘நாள் தவறிய விளக்கு’ என்று நகைத்தார். அந்நகைப்புப் பொருந்துமா? கார்த்திகையை ஒட்டி மூன்று நாளும் விளக்கேற்றும் வழக்கம் பல இல்லங்களில் இன்றும் உண்டு. முன்னோர் நாளையும் மதித்தனர். நாளைக் கொண்டாடும் மனிதரையும் மதித்தனர். வீட்டார் ஒருவர் இல்லாமல் ஏற்றிய நூறு விளக்கினும், அனைவரும் கூடி ஏற்றிய பத்து விளக்கே திருநாளின் பயனைத் தருவதாகும்.

ஈண்டு ஒரு வரையறை வேண்டும். எதனை விடுவது, எதனைக் காப்பது என்று அறியாமல் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்பவர் முடிவில் எல்லாவற்றையும் நழுவவிடுவர். இல்லத்து மரபு எதற்கும் மூன்று வினாக்களைத் தொடுக்கலாம். அது குடும்பத்தினரை ஒன்றுகூட்டுகின்றதா? அது ஈகை, சிக்கனம், தூய்மை, அன்பு என்னும் பண்புகளுள் ஒன்றையேனும் வளர்க்கின்றதா? அதனைச் செய்வதால் ஒருவர் உடல் நலிந்து, மற்றவர் கைகட்டி இருக்க நேர்கின்றதா? முன்னிரண்டுக்கும் ‘ஆம்’ என்றும், பின்னதற்கு ‘இல்லை’ என்றும் விடை வருமாயின் அம்மரபு காக்கத்தக்கது. குழம்புப்பொடியைக் கடையில் வாங்கினால் குடி கெட்டுவிடாது. பண்டிகைக்கு ஐந்து பலகாரம் சுட்ட வீட்டில் ஒன்று சுட்டாலும் குறை இல்லை. பிடியரிசியை எடுத்துவைக்க இமைப்பொழுது போதும். எளியதும் பயன் மிக்கதுமாகிய மரபை விட்டுவிட்டு, பிறர் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவதற்காகவே ஒரு தாயை இரவெல்லாம் அடுப்பின்முன் நிறுத்துவது மரபு காத்தல் ஆகாது.

மூன்றாவது வினாவே இக்காலத்தில் பெரிதும் எண்ணத்தக்கது. மேற்கூறிய செவிலி ஒரு கோடையில் ஒரு திங்கள் பயிற்சிக்காக வெளியூர் செல்ல நேர்ந்தது. அவள் சென்ற மறுநாள் முதல் கற்பலகை வெறுமையாய்க் கிடந்தது. முழுநிலவு வந்து சென்றது; நிலாச்சோறு இல்லை. பிடியரிசிப் பானையில் ஒரு மணியும் சேரவில்லை. வடகத்துக்கென்று வாங்கிய வெங்காயம் கூடையில் முளைவிடத் தொடங்கியது. எதனை எவ்வளவு சேர்ப்பது என்று கணவரும் அறியார், பிள்ளைகளும் அறியார். அக்குடும்பத்தினர் தீயவர் அல்லர்; தாயிடத்து அன்பில்லாதவரும் அல்லர். எனினும், இத்தனை ஆண்டுகளாகத் தம் வீட்டு மரபு என்று அவர்கள் பெருமை பேசியது, உண்மையில் ஒருத்தியின் உழைப்பே என்பது அன்று வெளியாயிற்று.

மரபு என்பது ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறுவது. வாங்கும் கை இல்லையேல் அதற்கு மரபு என்னும் பெயர் பொருந்தாது. தாய் சமைக்க, மற்றவர் உண்டு மகிழ்வது நன்றி உணர்வாகலாம், மரபு ஆகாது. உண்டவன் மரபைப் பெற்றவன் அல்லன். செய்யக் கற்றவனே பெற்றவன். தாய் ஒருத்தி இல்லாத நாளில் எது நின்றுவிடுகின்றதோ அஃது இன்னும் மரபாகவில்லை என்று கொள்வதே முறை.

இக்குறை ஒரு வீட்டோடு நிற்பது அன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் இந்திய நாடு முழுவதும் மக்கள் பொழுதைச் செலவிடும் முறையைக் கணக்கிட்டது. ஆறு வயதுக்கு மேற்பட்டோருள், ஊதியம் இன்றித் தம் வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்டிர் நூற்றுக்கு 81 பேர். ஆடவர் 26 பேரே. 2024ஆம் ஆண்டில் மீண்டும் எடுத்த கணக்கின்படி, அவ்வேலையில் ஈடுபடும் பெண் ஒருத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 289 நிமிடங்களையும், ஆண் ஒருவன் 88 நிமிடங்களையும் செலவிடுகின்றனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 201 நிமிடம். அஃதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல். நாள்தோறும் மூன்று மணி நேரம் கிடைக்குமாயின் ஒரு தாய் எத்தனை நூல்களைப் படிக்கலாம்! எத்தனை கலைகளைப் பயிலலாம்! ஒன்றும் செய்யாமல் சற்றே கண்ணயர்ந்தால்தான் என்ன? அவ்வுரிமையும் அவளுக்கு உண்டன்றோ?

தாயைத் தெய்வம் என்று போற்றுதல் நம் நாட்டு வழக்கம். அது நல்வழக்கமே. ஆயினும், போற்றுதல் எளிது. அவள் தலைமேல் உள்ள குடத்தை இறக்கிவைத்தல் அரிது. தெய்வத்துக்குக் களைப்பு இல்லை, பசி இல்லை, உறக்கம் வேண்டா என்று கருதி, அவ்வாறே தாயையும் கருதிவிடும் இடர் அப்போற்றுதலுக்குள் மறைந்திருக்கின்றது. மகன் மேடையில் தாயின் பெருமையைப் பேசிப் பரிசு பெறுகின்றான். வீட்டுக்கு வந்து தான் உண்ட தட்டை அவள் கழுவுமாறு விட்டுச்செல்கின்றான். அப்பரிசினும் அத்தட்டைக் கழுவிவைத்தல் தாய்க்குச் செய்யும் மேலான சிறப்பாகும்.

தாயின் சுமையை ஏற்கும் கடமை அரசுக்கும் சமுதாயத்துக்கும் உண்டு. பணிபுரியும் பெண்டிர்க்கு மகப்பேற்று விடுப்பு அளிக்கும் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. 2017இல் அவ்விடுப்பு முதலிரண்டு மகப்பேற்றுக்கு 12 வாரத்தினின்று 26 வாரமாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் பரவிய மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்த சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தன. அவற்றோடு, விடியலில் வேலைக்கு விரையும் தாய்மார் பலரின் கவலையையும் குறைத்தன. ஊர் கூடித் தாயின் சுமையில் ஒரு பகுதியை ஏற்க இயலுமெனின், அவள் வீட்டார் ஏற்க இயலாதா?

இயலும் என்பதற்கு அச்செவிலியின் வீடே சான்று. முளைவிட்ட வெங்காயத்தைக் கண்ட முதிய மாமியார் பேத்தியை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டார். ‘இத்தனை வெங்காயத்துக்கு இத்தனை உளுந்து, இவ்வளவு உப்பு’ என்று அவர் சொல்லச் சொல்ல, மகள் ஒரு குறிப்பேட்டில் எழுதினாள். மகன் கண்ணீர் வழிய வெங்காயம் உரித்தான். கணவர் காலையில் ஆலைக்குச் செல்லுமுன் மொட்டைமாடியில் வடகத்தைப் பரப்பினார். மாலையில் வந்து அள்ளினார். திங்கள் முடிவில் தாய் திரும்பி வந்தபோது வடகம் பானையில் இருந்தது. அது சற்றே உப்புக் கரித்தது. எனினும், அவள் அதனைக் குறைகூறவில்லை. தன் வீட்டில் மரபு அன்றுதான் பிறந்தது என்பதை உணர்ந்துகொண்டாள். அக்குறிப்பேட்டில் அடுத்த ஆண்டு உப்பின் அளவு திருத்தப்பட்டது. பின்னர் அப்பாயியின் மோர்மிளகாய் முறையும், சுக்குக் கஷாயத்தின் பக்குவமும், உறவினர் பிறந்தநாட்களும் அதில் இடம்பெற்றன.

மாணவர் இதனினின்று கொள்ளத்தக்கவை சில உள. தம் வீட்டில் தாயோ பாட்டியோ வழக்கமாகச் செய்யும் ஒன்றைத் தேர்ந்து, அதன் முறையைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். எழுதியதோடு நில்லாமல் தம் கையால் ஒருமுறை செய்து பார்த்தல் வேண்டும். நாள்தோறும் செய்யும் வீட்டு வேலைகளுள் ஒன்றையேனும் எவரும் ஏவாமல் தமதாக ஏற்றல் வேண்டும். இவற்றில் மகன் என்றும் மகள் என்றும் வேற்றுமை கொள்ளலாகாது. நிலாச்சோறு உண்ட கை எல்லாருடைய கையுமாயின், கலத்தைக் கழுவும் கையும் எல்லாருடைய கையுமாதலே நேர்மை. மகளுக்கு மட்டும் அடுக்களையைக் கற்பிக்கும் வீடு, இன்றைய தாயின் சுமையை நாளைய தாயின் தலைக்கு மாற்றிவைக்கின்றதே அன்றி, அதனைக் குறைக்கவில்லை.

உழைக்கும் தாய் தன் பொழுதின் சிறு துண்டுகளைச் சேர்த்து இல்லத்துக்கு ஒரு மரபை அமைத்துத் தருகின்றாள். அதனை வியந்து பார்த்திருத்தல் போதாது. அவள் களைத்து அமரும்போது, ‘நீங்கள் இருங்கள் அம்மா, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று கூறும் பிள்ளைகள் உள்ள வீட்டில்தான் மரபு வாழும், தாயும் வாழ்வாள்.